குழாய் இணைப்பில் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் எங்கே தண்ணீர் ஒழுகினாலும் உறவுக்காரர்களும் நண்பர்களும் எனக்குப் போன் போடுவது வழக்கமாகிவிட்டது. நான் பிளம்பர் இல்லை; சொந்த வீட்டுப் பைப்பைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவன். கேட்கிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. ஜாயின்ட்டில்தான் ஒழுகுகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? சுற்றிலும் ஈரமாகத்தானே இருக்கிறது?

சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு என்பதுதான் வழக்கம். மேலே ஏதோ ஒரு மரையில் (திருகுப் புரியில்) கசிந்த நீர் பைப்பின் அடிப்பக்கமாக ஊர்ந்து வந்து, தாழ்வாக இருக்கும் எல்போவில் (பைப்பைத் திருப்பும் வளைந்த இணைப்பில்) சேர்ந்து சொட்டும். நாம் எல்போவைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

பைப்பை மேலிருந்து கீழ்வரை பழந்துணியால் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் மேலும் கீழும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்து 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். நனைந்த காகிதங்களில் எது மிக மேலே இருக்கிறதோ அதுதான் நீங்கள் தேடும் இடம். பைப் முழுக்க ஒரே சீராக வியர்த்திருந்தால் அது ஒழுகலே இல்லை, குளிர்ந்த பைப்பின் மேல் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். இணைப்பின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, துரு வழிந்த கோடு தெரிந்தாலோ, அங்கே பல மாதமாக மெல்லக் கசிந்து காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

2. எல்லா ஜாயின்ட்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது. எதற்கு எந்த வைத்தியம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எந்த இணைப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, “இங்கே தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது எது?” என்பதுதான். வீட்டுப் பைப்புகளில் பெரும்பாலும் மூன்று விடைகள் உண்டு. மரை இணைப்பில் மரைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கை டேப்போ சணலோ அடைக்கிறது. ஒட்டு இணைப்பில், அதாவது பிவிசி, சிபிவிசி பைப்புகளில், இரண்டு பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே பொருளாகிவிடுகின்றன. வாஷர் இணைப்பில் (இரண்டு பைப்பை நட்டால் சேர்க்கும், வேண்டும்போது கழற்றக்கூடிய யூனியன், கனெக்‌ஷன் ஹோஸ், சிங்க் அடியில் இருக்கும் நட்டு) உள்ளே நசுங்கும் ரப்பர் வளையம்தான் வேலை செய்கிறது. மரை அதை அழுத்திப் பிடிக்க மட்டுமே.

செம்புப் பைப் போட்ட வீடுகளில் ஈயப்பற்று வைத்த இணைப்பும் இருக்கும். அதற்கு நெருப்பு வேண்டும், பழக்கமும் வேண்டும். அதை இங்கே நான் தொடவில்லை.

எது தடுக்கிறது என்று தெரிந்துவிட்டால், எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வெளியே பூசும் எதுவும் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் காரணம் இதுதான்: தடுப்பு உள்ளே இருக்கிறது, நாம் பூசுவது வெளியே.

3. சொட்டுச் சொட்டாகத்தானே விழுகிறது. அப்படியே விட்டுவிட்டால் என்ன?

அடியில் ஒரு டம்ளரை வைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 200 மில்லி சேர்ந்திருந்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 5 லிட்டர். தண்ணீர் வீணாவதைவிட எனக்குப் பெரிய கவலை, அந்த நீர் போய்ச் சேரும் இடம்: சுவர்ப் பூச்சு, மர அலமாரி, சுவிட்ச் பெட்டி. ஒட்டு இணைப்பில் சிறு கசிவு தானாகச் சரியாவதில்லை. பழைய இரும்பு மரையில் சில சமயம் துருவும் உப்பும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

4. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் என்னென்ன செய்யணும்?

வால்வை மூடுங்கள். அப்புறம் அந்த வால்வுக்குப் பின்னால் இருக்கும் குழாய்களில் மிகத் தாழ்வானதைத் திறந்து, பைப்பில் நிற்கும் நீரை வடியவிடுங்கள். வடிந்து முடியும்வரை பொறுமை வேண்டும். கீசர் அந்த வரிசையில் இருந்தால் அதன் மின்சாரத்தை முதலில் நிறுத்தி, தண்ணீர் ஆறிய பிறகே கை வையுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

5. டெஃப்லான் டேப்பை எந்தப் பக்கமாகச் சுற்றணும்? எத்தனை சுற்று?

ஆண் மரையின் (வெளிப்புறம் மரை வெட்டியது; உட்புறம் வெட்டியது பெண் மரை) முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். இதை மாற்றிச் சுற்றினால், இணைப்பைத் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். நிறையப் பேர் டேப் சரியில்லை என்று சொல்வதற்குக் காரணம் இந்தத் திசைதான்.

பழைய டேப், சணல் துணுக்குகளைக் கம்பித் தூரிகையால் முழுவதும் எடுத்துவிட்டு, மரையைத் துடைத்து உலரவைத்துத் தொடங்குங்கள். முனையில் முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் டேப் நூல்கள் பைப்புக்குள் போகாது. போனால் ஷவரின் துளையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டேப்பை லேசாக இழுத்துப் பிடித்து, மரையின் பள்ளம் வெளியே தெரியும்படி படியச் சுற்ற வேண்டும். மெல்லிய வெள்ளை டேப் என்றால் அரை அங்குல மரைக்கு 5 முதல் 8 சுற்று. தடித்த டேப் என்றால் 3, 4 சுற்றே போதும்.

6. இருபது சுற்றுச் சுற்றியும் கசிகிறதே?

இருபது சுற்றியதால்தான் கசிகிறது. டேப் அவ்வளவு தடித்தால் மரையும் மரையும் ஒன்றையொன்று பிடிக்காது. இரண்டு திருகு உள்ளே போனதும் இறுகியதுபோலத் தோன்றும். அதுவே பிளாஸ்டிக் பெண் மரையாக இருந்தால் அந்தத் தடிமன் அதை உள்ளிருந்து பிளக்கவும் கூடும்.

சரியான அளவு சுற்றியும் கசிந்தால் மரையை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பல் நசுங்கியிருக்கலாம், வார்ப்பில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். அப்படி இருந்தால் பொருளை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

7. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும்தானே?

இரும்பில் சில சமயம் நிற்கும். பிளாஸ்டிக்கில் இப்படி இறுக்கி நான் தோற்ற கதை ஒன்று உண்டு. பித்தளைக் குழாய் ஒன்றைப் பிவிசி எல்போவில் பொருத்தினேன். லேசாகக் கசிந்தது, அரைச் சுற்று இறுக்கினேன், நின்றது. பெருமையாகத் தூங்கப் போனேன். விடியற்காலையில் எல்போ நெடுக்குவாட்டில் வெடித்து, கழுவும் இடம் முழுக்க வெள்ளம்.

பித்தளை ஆண் மரை பிளாஸ்டிக் பெண் மரைக்குள் நுழையும்போது ஆப்பு அடித்ததுபோல அதை விரிக்கிறது. வெடிப்பு உடனே தெரியாது. சில மணி நேரமோ சில மாதமோ கழித்துத் தெரியும். ஆகவே குழாய் பொருந்தும் இடங்களில் உள்ளே பித்தளை மரை பதித்த எல்போ, டீ (T வடிவ இணைப்பு) போன்றவற்றையே வாங்குங்கள். முழுப் பிளாஸ்டிக் மரை என்றால் கையால் இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சுற்று, அதோடு நிறுத்துங்கள். இறுக்கும்போது எதிர்ப்பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வதும் முக்கியம். இல்லாவிட்டால் உங்கள் கைபலம் எல்லாம் அடுத்த இணைப்பில் போய் இறங்கும்.

8. குழாய் கோணலாக நின்றது. நேராக்க லேசாகப் பின்னால் திருப்பினேன், ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஏன்?

டேப் இறுகும் திசையில்தான் படிந்து அடைக்கும். பின்னால் திருப்பியதும் அந்தப் படிவு கிழிந்து, நீர் போக ஒரு சந்து கிடைத்துவிடுகிறது. மறுபடி முன்னால் திருகினாலும் அது மூடாது. கழற்றி, பழையதைச் சுரண்டி, கேள்வி 5-இல் சொன்னபடி புதிதாகச் சுற்றுங்கள். இம்முறை ஒரு சுற்றுக் கூடவோ குறையவோ வைத்தால் குழாய் நேராக நிற்கும் இடத்திலேயே இறுக்கம் கிடைக்கும். சணலில் இந்தச் சங்கடம் குறைவு, கால்சுற்றுப் பின்வாங்கினாலும் தாங்கும். பழைய ஆட்கள் சணலை விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

9. யூனியன் மரைக்கும் ஹோஸ் நட்டுக்கும் டேப் சுற்றினால் நல்லதுதானே?

தேவையில்லை. கேள்வி 2-இல் சொன்னதுபோல அங்கே தடுப்பது வாஷர். டேப்பின் தடிமனால் நட்டு முழுவதும் உள்ளே போகாமல் நின்று, வாஷர் நசுங்காமலே இருந்துவிடும். நட்டைக் கழற்றி வாஷரைப் பாருங்கள்: தட்டையாகி, கல்போலக் கெட்டியாகி, விளிம்பில் கீறலோடு இருந்தால் மாற்றுங்கள். அது உட்காரும் முகப்பில் மணலோ உப்போ இருந்தாலும் கசியும். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்றுப் போதும்.

10. பிவிசி ஜாயின்ட்டில் கசிகிறது. சுற்றிலும் சொல்யூஷன் தடவிவிட்டால் போதுமா?

போதாது. சொல்யூஷன் என்று நாம் சொல்லும் சால்வென்ட் சிமெண்ட் பசை போன்றது இல்லை. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்குகிறது. இளகிய இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போதுதான் இணைப்பு உண்டாகிறது. வெளியே தடவினால் அழுத்த எதுவும் இல்லை, மெல்லிய தோல் போலக் காய்ந்து நிற்கும், உள்ளிருந்து வரும் நீர் அதைத் தள்ளிவிடும். ஒட்டிய சாக்கெட்டை (பைப் நுழையும் குழல் போன்ற இணைப்பை) கழற்றி மறுபடி ஒட்டவும் முடியாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதியது போடுவதுதான் வழி.

11. புதிதாக ஒட்டியதே கசிகிறது. என்ன தப்பு செய்தேன்?

ஐந்தாறு இடங்களில் தப்பு நடக்கலாம். பைப்பைச் சாய்வாக வெட்டியிருக்கலாம். வெட்டிய பிசிறை எடுக்காமல் விட்டிருக்கலாம்; அந்தப் பிசிறு உள்ளே நுழையும்போது சொல்யூஷனை வழித்துக்கொண்டே போகும். ஈரமோ தூசியோ இருந்திருக்கலாம். சொல்யூஷனே பழையதாகிக் கூழ்போல ஆகியிருக்கலாம். அப்படி ஆனதைத் தின்னர் ஊற்றி இளக்காதீர்கள், தூக்கிப்போடுங்கள்.

முறை இதுதான். நேராக வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒட்டாமல் ஒருமுறை நுழைத்துப் பாருங்கள்: சாக்கெட்டின் ஆழத்தில் பாதியளவு சுலபமாகப் போய் அப்புறம் இறுக வேண்டும். ஆழத்தைப் பைப்பில் பென்சிலால் குறியுங்கள். பைப்பின் வெளியிலும் சாக்கெட்டின் உள்ளிலும் சீராகத் தடவி, உடனே நுழைத்து, கால் சுற்றுத் திருப்பி, குறிவரை அழுத்துங்கள். இப்போதுதான் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். சாக்கெட்டின் உட்புறம் லேசாகக் கூம்பு வடிவம் என்பதால் பைப் தானே வெளியே நழுவும். 30 விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிறகு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை தண்ணீர் விடாதீர்கள். 24 மணி நேரம் விட்டால் கவலை இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள். அந்த ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

12. வெந்நீர் லைனுக்கும் அதே சொல்யூஷன்தானா?

வெந்நீருக்குப் போடுவது சிபிவிசி, அதற்கென்று தனிச் சொல்யூஷன் உண்டு. பிவிசி 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது; சிபிவிசி 90 டிகிரி வரைக்கும் தாங்கும். பிவிசி சொல்யூஷனால் ஒட்டிய சிபிவிசி முதல் நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், சூடு ஏறி இறங்க ஆரம்பித்ததும் விட்டுக்கொடுத்துவிடும்.

13. பைப்பின் இரண்டு பக்கமும் சுவரில் இறுகி நிற்கிறது. வெட்டிவிட்டால் புதுத் துண்டை எப்படி நுழைப்பது?

சாதாரணச் சாக்கெட்டின் நடுவே ஒரு தடுப்பு இருக்கும், அதனால் பைப்பை அசைக்க முடியாத இடத்தில் அதை நுழைக்க முடியாது. அந்தத் தடுப்பு இல்லாத ரிப்பேர் சாக்கெட் கிடைக்கிறது. அதை ஒரு பக்கப் பைப்பில் முழுவதும் தள்ளிவைத்து, துண்டைப் பொருத்தியபின் பின்னால் இழுத்து நடுவில் நிறுத்தலாம். சொல்யூஷன் பிடிப்பதற்குள் இழுத்தாக வேண்டும், ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, அந்த இடத்தில் ஒரு யூனியன் போடுங்கள். பிற்காலத்தில் கழற்றவும் உதவும்.

14. வால்வை மூடியும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒட்ட முடியவில்லை.

தாழ்வான வேறொரு குழாயைத் திறந்துவைத்து நீரை அந்தப் பக்கம் இழுத்துவிடுங்கள், பாதி நேரம் இதுவே போதும். அப்படியும் நிற்காவிட்டால் ஒட்டு வேலையையே விட்டுவிட்டு, நட்டு இறுக்கி ரப்பர் வளையத்தால் பிடிக்கும் கம்ப்ரெஷன் கப்ளிங் போடலாம். அதற்கு உலர்ந்த பைப் அவசியமில்லை. வேலை முடிந்ததும் அந்த வால்வையும் மாற்றிவிடுங்கள். மூடாத வால்வு, பைப் வெடித்த இரவில் எதற்கும் உதவாது.

15. எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். இனிக் கவலை இல்லையே?

பிளம்பர் வரும்வரை கவலை இல்லை. பிசைந்து வைக்கும் எபாக்ஸி எதுவாக இருந்தாலும், உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய உலர்ந்த பரப்பில் வைத்து, இறுகும்வரை தண்ணீர் விடாமல் இருந்தால் நன்றாகவே பிடிக்கும். ஒழுகிக்கொண்டிருக்கும்போதே அப்பினால் நீர் அதற்குள்ளேயே ஒரு வழி செய்துகொள்ளும். அழுத்தம் குறைந்த கழிவுநீர்ப் பைப்பில் பல வருடம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். பைப்பின் நடுவில் ஓட்டை என்றால் ரப்பர் துண்டு வைத்துக் கிளாம்ப் இறுக்குவது இதைவிட நம்பகமான தற்காலிக வழி.

16. குழாயைத் திறந்தால் ஒழுகல் நிற்கிறது, மூடினால் மறுபடி ஆரம்பிக்கிறது. பேய் மாதிரி இருக்கே?

பேய் இல்லை, அழுத்தம். தண்ணீர் ஓடும்போது பைப்பில் அழுத்தம் குறையும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதுதான் தொட்டியின் உயரம் முழுவதும் இணைப்பின் மேல் அழுத்தும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். மாடியில் கசியாத அதே மாதிரி இணைப்பு தரைத்தளத்தில் கசிவதும், இரவில் மட்டும் சொட்டுவதும் இதனால்தான். இதற்கு நேர்மாறாக, குழாயைத் திறந்தால் மட்டுமே ஈரமாகிறது என்றால் கழிவுநீர்ப் பைப்பைப் பாருங்கள்.

17. கீசர் ஜாயின்ட் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை கசிகிறது. எத்தனை தடவை டேப் சுற்றுவது?

டேப்பின் மேல் பழி போடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பல மடங்கு நீளும். 10 மீட்டர் பிவிசி பைப் 10 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும் என்றால், வெந்நீர் லைன் ஒவ்வொரு முறையும் எவ்வளவு அசையும் என்று பாருங்கள். பைப் நேரடியாகக் கீசரின் மரையில் பொருந்தியிருந்தால் அந்த அசைவு முழுவதும் அந்த ஒரு மரையில் விழுகிறது. நடுவில் வெந்நீர் தாங்கும் வளையும் ஹோஸ் ஒன்றைப் போட்டால் அசைவை அது வாங்கிக்கொள்ளும்.

18. பழைய இரும்புப் பைப்பில் ஒரு ஜாயின்ட்டைச் சரிசெய்தால் பக்கத்தில் இன்னொன்று ஒழுகுகிறது. இது முடியவே முடியாதா?

ஜி.ஐ. பைப்பைக் காப்பது அதன் துத்தநாகப் பூச்சு. மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் போகிறது, சுவரின் தடிமனும் குறைகிறது. அதனால் துரு முதலில் மரையைத்தான் தின்னும். பல இணைப்புகளில் இன்றைக்கு நீரைத் தடுத்து வைத்திருப்பதே அந்தத் துருதான், ரெஞ்சின் முறுக்கில் அது உதிர்ந்துவிடுகிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, இரண்டு ரெஞ்ச் போட்டுத் திருப்பினால் சேதம் குறையும். மூன்றாவது இடமும் ஒழுகினால் அந்த வரிசையை மொத்தமாக மாற்றிவிடுங்கள். இரும்பையும் செம்பையும் நேரடியாக இணைக்க வேண்டாம். நீர் பட்டதும் இரும்புப் பக்கம் வேகமாக அரிக்கும். நடுவில் பித்தளை இணைப்பாவது இருக்கட்டும்.

19. புதுக் குழாய் இரண்டு மூன்று மரை போனதும் இறுகிக்கொள்கிறது, ஆனால் ஒழுகுகிறது. சைஸ் ஒன்றுதான்!

வேறு நாட்டிலிருந்து வந்த குழாயா என்று பாருங்கள். உலகில் இரண்டு பெரிய மரை முறைகள் உண்டு: பி.எஸ்.பி., என்.பி.டி. அரை அங்குலத்தில் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் முதலில் ஒத்துப்போவதுபோல ஏமாற்றும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60 டிகிரி. விட்டமும் கொஞ்சம் மாறும். எவ்வளவு டேப் சுற்றினாலும் நம்பகமாக அடையாது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றும் அடாப்டர் வாங்குங்கள்.

20. சுவருக்குள் கசிகிறதோ என்று சந்தேகம். உடைக்காமல் எப்படிப் பார்ப்பது?

எல்லாக் குழாயையும் மூடி, மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தொட்டிக்கு நீர் வரும் வழியை அடைத்து, நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் மாறியிருந்தால், முதலில் கழிப்பறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் சுவரைச் சந்தேகியுங்கள். பூச்சு உப்பியிருக்கும் இடத்திலேயே உடைக்காதீர்கள். கேள்வி 1-இல் சொன்ன கதைதான் சுவருக்குள்ளும் நடக்கும், கசிவு அதற்கு மேலே இருக்கலாம்.

புதிதாகப் பைப் பதிக்கிறவர்கள், பூசுவதற்கு முன் வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு நீரழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பைப்பில் காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்க விடாதீர்கள். வெடித்தால் துண்டுகள் சிதறி ஆளைக் காயப்படுத்தும்.

21. எதைத் தொடவே கூடாது?

சமையல் எரிவாயுக் குழாய். மீட்டருக்கு முன்னால் இருக்கும், வழங்குபவருக்குச் சொந்தமான இணைப்பு. மின்கம்பியோ சுவிட்ச் பெட்டியோ நனைந்திருக்கும் இடம். அங்கே மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

22. சரிசெய்தாகிவிட்டது. நின்றுவிட்டது என்று எப்போது நம்பலாம்?

வால்வை மெதுவாகத் திறங்கள். படீரென்று திறந்தால் புது இணைப்பில் நீர் சுத்தியலடி போல மோதும். மேலே ஒரு குழாயைத் திறந்துவைத்துக் காற்று வெளியேறட்டும், பிறகு எல்லாவற்றையும் மூடி முழு அழுத்தத்தில் விடுங்கள், காரணம் கேள்வி 16-இல் இருக்கிறது. இணைப்பைத் துடைத்து டிஷ்யூ சுற்றி, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் பாருங்கள். வெந்நீர் லைன் என்றால் சுடவைத்து ஓடவிட்டு, ஆறியபின் இன்னொரு தடவை. மறுநாள் காகிதம் உலர்ந்தே இருந்தால் வாளியை அங்கிருந்து எடுத்துவிடலாம்.